பின்பாட்டுக்காரியின் பெயர்: டார்லீன் லவ் தன்வரலாறு, வாசித்தவர்கள் வாருங்கள்

#1 வானொலிப்பித்தன்

மூன்று இரவு உட்கார்ந்து படித்து முடித்தேன். டார்லீன் லவ்வின் 'மை நேம் இஸ் லவ்'. 1998-இல் வந்த புத்தகம், ராப் ஹோர்பர்கர் என்பவரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். படித்ததில் இருந்து மனது ஒரு நிலையில் இல்லை, யாரிடமாவது பேச வேண்டும் போல இருக்கிறது. அதனால்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். 1941-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த பாடகி, இயற்பெயர் டார்லீன் ரைட். அப்பா பெந்தெகொஸ்தே சபைப் போதகர், அதனால் பாட்டு தேவாலயத்தில் இருந்து வந்தது. பள்ளியில் படிக்கும்போதே 'தி பிளாசம்ஸ்' என்ற பெண்கள் குழுவில் சேர்ந்துவிட்டார். அந்த நாட்களில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் பின்னணிக் குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அங்கே தொடர்ந்து வேலை கிடைத்த முதல் கறுப்பினக் குழுக்களில் ஒன்று பிளாசம்ஸ். யாருக்கு எப்படி வேண்டுமோ அப்படிப் பாடுவார்கள். சாம் குக், பீச் பாய்ஸ், ரைட்டியஸ் பிரதர்ஸ், எல்விஸ் என்று யாருக்குப் பின்னால் இவர்கள் நிற்கவில்லை என்று கேட்பதுதான் சுலபம்.

1962-இல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் வருகிறார். ஜீன் பிட்னி எழுதிய 'ஹீ இஸ் எ ரெபல்' அவர் கையில் இருக்கிறது. அதே பாட்டை இன்னொரு கம்பெனியும் பதிவு செய்யப் போகிறது என்று தெரிந்ததும் அவசரம். அவருடைய குழுவான 'தி கிரிஸ்டல்ஸ்' நாட்டின் அந்தக் கோடியில். கையெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் பிளாசம்ஸ். ஹாலிவுட்டில் இருந்த கோல்டு ஸ்டார் ஸ்டூடியோவில் டார்லீன் லீட், அதாவது முன்னணிக் குரல், பாடினார். நவம்பரில் பாட்டு பில்போர்டு பட்டியலில் முதலிடம். இசைத்தட்டில் அச்சான பெயர்: தி கிரிஸ்டல்ஸ்.

அதைக்கூட அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த பாட்டு உன் பெயரில்தான் வரும் என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. பாடிக் கொடுத்தார். அப்புறம் ஒரு நாள் காரில் போகும்போது வானொலியில் அறிவிப்பாளர் சொல்கிறார்: இதோ கிரிஸ்டல்ஸின் புதுப் பாட்டு. வருவது தன் குரல். காருக்குள் தனியாக உட்கார்ந்து தன் குரலை இன்னொருவர் பெயரில் கேட்பது எப்படி இருக்கும்? என்னால் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை.

அதன் பிறகு வரும் வீழ்ச்சிதான் இன்னும் கொடுமை. 1980-களின் தொடக்கத்தில் வாய்ப்பே இல்லாமல், பெவர்லி ஹில்ஸ் வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறார். ஒரு டிசம்பரில், யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, 1963-இல் தன் பெயரிலேயே பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு வானொலியில் வருகிறது. மறுபடியும் பாடப் போக வேண்டும் என்று அங்கே நின்றபடியே முடிவு செய்கிறார்.

படித்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தேன்மொழி_தூத்துக்குடி

நான் இன்னும் படிக்கவில்லை அண்ணா. ஒன்று புரியவில்லை. கிரிஸ்டல்ஸ் என்று நிஜமாகவே ஒரு குழு இருந்ததா, இல்லை வெறும் பெயரா? இருந்தால் அந்தப் பெண்கள் எப்படி இதைச் சும்மா விட்டார்கள்?

#3 வானொலிப்பித்தன்

நிஜமான குழுதான் தேன்மொழி. புரூக்ளின் பெண்கள், அவர்களும் சின்ன வயது. ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, தங்கள் பெயரில் தாங்கள் பாடாத ஒரு பாட்டு வானொலியில் வருவதைக் கேட்டு அவர்களே திகைத்துப் போனார்கள். அதோடு முடியவில்லை. ரசிகர்கள் அந்தப் பாட்டைக் கேட்பார்கள், மேடையில் பாடித்தானே ஆக வேண்டும்? அதுவரை லீட் பாடிய பார்பரா ஆல்ஸ்டனுடைய குரல் மென்மையானது, டார்லீனின் முழங்கும் குரலுக்குப் பக்கத்தில் வராது. புதிதாகச் சேர்ந்திருந்த டோலோரஸ் ப்ரூக்ஸ் அதை எடுத்துக்கொண்டார். பதினைந்து வயதுப் பெண். முகம் தெரியாத ஒருத்தியின் குரலை மேடைக்கு மேடை தன் குரலாகப் பாட வேண்டிய நிலைமை.

ஆக, பாடியவருக்குப் பெயர் இல்லை, பெயர் உள்ளவர்களுக்குப் பாட்டு இல்லை. இரண்டு பக்கமும் கறுப்பினப் பெண்கள்தான்.

#4 கணக்கர்

எல்லோரும் கோபப்படுவதற்கு முன்னால் ஒரு மாற்றுக் கருத்து. நான் இசையை ரசிப்பவன்தான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செஷன் பாடகி என்பது ஒரு தொழில். அழைப்பு வரும், போவார்கள், பாடுவார்கள், கூலி வாங்குவார்கள். அன்று அந்தப் பாட்டு ஓடுமா ஓடாதா என்று யாருக்கும் தெரியாது. ஓடாமல் போயிருந்தால் டார்லீன் கூலியைத் திருப்பிக் கொடுத்திருப்பாரா? நஷ்டம் முதல் போட்டவருடையது என்றால் லாபமும் அவருடையது. முதல் பாட்டு கிரிஸ்டல்ஸ் பெயரில் வரும் என்று தெரிந்தே பாடியதாக அவரே சொல்கிறார். இரண்டாவது பாட்டில் வாக்குத் தவறியது மோசடி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதல் பாட்டையும் அதே கணக்கில் சேர்ப்பது சரியா?

#5 மூன்றாம்_மைக்

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போவதோடு சரி. இன்று எழுத வேண்டும் போல் இருக்கிறது.

கோடம்பாக்கத்தில் பத்துப் பதினோரு வருடம் கோரஸ் பாடியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம், பிள்ளைகள் பிறந்த பிறகு மீதி. அதனால் கணக்கர் சார் சொல்வதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். பின்னால் நிற்பது குறை இல்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் 'பாவம், முன்னுக்கு வர முடியவில்லை' என்றே பேசுகிறார்கள். கோரஸ் பாடுவது முன்னுக்கு வருவதற்கான படிக்கட்டு இல்லை. அது தனி வித்தை.

நாலு பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று பாடும்போது நாலு குரல் கேட்கக் கூடாது. என் குரலில் ஒரு நடுக்கம் உண்டு, பக்கத்தில் நிற்பவருக்கு அது கிடையாது என்றால் நான் என் நடுக்கத்தை அடக்க வேண்டும். 'கண்கள்' என்று ஒரு சொல் முடிகிறது என்று வையுங்கள். அந்த 'ள்' எல்லோருக்கும் ஒரே இடத்தில் விழ வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே போனால் ஒலிநாடாவில் கூழாங்கல் உருட்டின மாதிரி கேட்கும். அதனால் ஒருவர் மட்டும் அதைச் சொல்வது, மற்றவர்கள் உயிரெழுத்தோடு நிறுத்திக்கொள்வது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்வோம். மூச்சும் அப்படித்தான், ஒருவர் எடுக்கும் இடத்தில் மற்றவர் எடுக்கக் கூடாது. குரல் ஓங்கி இருப்பவரை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்வார்கள். என்னை எப்போதும் தள்ளித்தான் நிற்கச் சொல்வார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டிராக். முன்னணிப் பாடகி வருவதற்கு முன்னால், நடிகர்களும் நடன ஆசிரியரும் கேட்டுப் பழக, மெட்டும் வரியும் தெரிய, யாராவது ஒருவர் முழுப் பாட்டையும் பாடி வைக்க வேண்டும். அப்புறம் அந்தக் குரலை எடுத்துவிட்டு முன்னணிக் குரலை வைப்பார்கள். தெரிந்தே பாடுவதுதான், வருத்தம் இல்லை.

ஒரு முறை வைக்கவில்லை. என் டிராக்கே படத்தில் இருந்துவிட்டது. நாள் நெருக்கடியோ என்னவோ. கேசட் உறையில் வேறு பெயர். நான் போய்க் கேட்டேன். சண்டை போடவில்லை, கேட்டேன். 'உனக்கு டிராக் காசு கொடுத்தாச்சே' என்று பதில் வந்தது. கணக்கர் சார், அந்தப் பதில் தப்பில்லாத பதில். காசு கொடுத்தார்கள்தான். என் அம்மாவுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'இதில் உன் பேரு எங்கே?' என்றார்கள்.

டார்லீன் காரில் கேட்ட பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு அம்மாவின் அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. பின்னால் நிற்கச் சொல்வது வேறு. முன்னால் நிற்க வைத்துப் பாட வாங்கிவிட்டு, நீ அங்கே இல்லவே இல்லை என்று சொல்வது வேறு. முதலாவது வேலை. இரண்டாவதற்குக் கூலி என்று ஒன்று கிடையாது.

#6 கணக்கர்

மூன்றாம் மைக் அம்மாவுக்கு வணக்கம். கடைசி இரண்டு வரியை நாலைந்து முறை படித்தேன். முதல் பாட்டைப் பற்றி நான் சொன்னதைத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கிறது. கூலிக்கும் பெயருக்கும் ஒரே கணக்குப் புத்தகம் வைத்துவிட்டேன்.

ஆனாலும் ஒன்றை விட மனம் வரவில்லை. ஸ்பெக்டரின் பதிவுகளில் அந்த ஒலிதானே நாயகன்? ஒரே அறையில் இரண்டு மூன்று கிதார், இரண்டு மூன்று பியானோ, தாள வாத்தியங்கள், எல்லாம் எதிரொலி அறைக்குள் போய்த் திரும்பி வந்து ஒரே சுவராக நிற்கும். ஜாக் நிட்சியின் இசை ஒழுங்கு, லாரி லெவீனின் ஒலிப்பதிவு. அதில் யார் பாடினாலும் ஓடியிருக்கும் என்ற எண்ணம் அவருக்கு வந்ததில் ஆச்சரியம் உண்டா?

#7 வானொலிப்பித்தன்

அந்தச் சுவரைத் தாண்டிக் கேட்கிற குரல் வேண்டுமே கணக்கர் சார். அத்தனை வாத்தியத்துக்கும் மேலே ஒரு பெண் குரல் கத்தாமல், பிசிறில்லாமல் எழுந்து நிற்க வேண்டும். யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம் என்றால் அவர் ஏன் திரும்பத் திரும்ப டார்லீனிடமே போனார்? 1963 கிறிஸ்துமஸ் இசைத்தட்டைக் கேளுங்கள். (அது வெளியான நாள் நவம்பர் 22, கென்னடி சுடப்பட்ட அதே நாள். அந்த வருடம் யாருக்கும் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்கும் மனநிலை இல்லை, தட்டு படுத்துவிட்டது.) அதில் டார்லீன் கடைசி அரை நிமிடம் கெஞ்சுகிறாரே, அதை எந்த எதிரொலி அறையும் தயாரிக்காது.

#8 அடையாறு_ஆலமரம்

நம்மிடம் இதற்கு எவ்வளவு நல்ல சொல் இருக்கிறது பாருங்கள்: பின்பாட்டு. கதாகாலட்சேபத்தில் பாகவதர் ஒரு வரியை விட்ட இடத்தில் பின்பாட்டுக்காரர் எடுப்பார். அவர் சரியாக எடுக்காவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். வில்லுப்பாட்டிலும் அப்படித்தான், 'ஆமா' போடுகிறவர் இல்லாமல் புலவர் என்ன செய்வார்? நாகசுரத்தில் ஒத்து ஊதுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஒரே சுருதியை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நாமோ 'ஒத்து ஊதுகிறான்' என்பதை வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அது எப்போதுமே உறுத்தும்.

குரலுக்கு வேறு பெயர் போட்ட கதை நம் பக்கமும் உண்டு. 1949-இல் வந்த 'மஹல்' இந்திப் படத்தின் 'ஆயேகா ஆனேவாலா' இசைத்தட்டில் பாடகியின் பெயர் 'காமினி' என்று போட்டிருந்தது. அது படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர். பாடியது லதா மங்கேஷ்கர். பாட்டைக் கேட்டவர்கள் யார் இது, யார் இது என்று வானொலிக்குக் கடிதமாக எழுதிக் குவித்த பிறகுதான் பெயர் வெளியே வந்தது. லதாவுக்கே அந்த நிலைமை என்றால் கோரஸில் நின்றவர்களை யார் தேடியிருப்பார்கள்?

#9 தேன்மொழி_தூத்துக்குடி

இடையில் புத்தகத்தை வாங்கிவிட்டேன், பாதி வரை வந்திருக்கிறேன்.

வானொலி அண்ணா, உங்கள் முதல் பதிவில் ஒரு இடம் எனக்கு வலித்தது. 'அதன் பிறகு வரும் வீழ்ச்சி' என்று வீட்டு வேலையைச் சொன்னீர்கள். என் அம்மா இருபத்திரண்டு வருடம் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்கள். வேலை செய்யும்போது அம்மா பாடிக்கொண்டே இருப்பார்கள். ஒரு பெரிய பாடகி குளியலறை கழுவினார் என்று எல்லோரும் அதிர்ச்சி அடைகிறோம். கழுவுகிற பெண்களில் பாடத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் அதிர்ச்சி அடைவதில்லை.

அவர் வேலை செய்து பிழைத்தார், அதில் ஒரு தாழ்வும் இல்லை. அவர் பாட்டு ஊரெல்லாம் ஒலிக்கிறது, அதில் இருந்து அவர் கைக்கு வர வேண்டியது வரவில்லை. கொடுமை என்றால் அதுதான்.

#10 வானொலிப்பித்தன்

தேன்மொழி, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அந்தச் சொல்லை நான் யோசிக்காமல் போட்டேன். மன்னியுங்கள். பதிவைத் திருத்தப் போவதில்லை, உங்கள் பதிலோடு சேர்த்தே எல்லோரும் படிக்கட்டும்.

#11 சட்டப்புத்தகம்

தேன்மொழி சொன்ன கடைசி வரிக்கு ஒரு விவரம் சேர்க்கிறேன், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் சாதாரண வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் அதை எழுதியவர்களுக்கும் பதிப்பாளருக்கும் காசு போகும். பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. முன்னணிப் பாடகருக்கே கிடையாது. அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டை எழுதியதாகப் பதிவாகியுள்ள மூவர் எல்லி கிரீன்விச், ஜெஃப் பேரி, ஃபில் ஸ்பெக்டர். டார்லீன் குளியலறையில் நின்று கேட்ட அந்த மூன்று நிமிடத்துக்கும் ஸ்பெக்டருக்குப் பங்கு உண்டு, டார்லீனுக்கு இல்லை. இணைய வானொலி போன்றவற்றுக்கு மட்டும் 1995-இல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி வசூலாகும் தொகையில் இரண்டரை சதவீதம் பின்னணிப் பாடகர்களுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. ஒரு பாட்டில் பின்னால் நின்ற எல்லோருக்கும் சேர்த்து.

தட்டு விற்பனைக்கான ராயல்டி வேறு. அதற்குத்தான் டார்லீன் ஸ்பெக்டர்மீது வழக்குப் போட்டார். 1997-இல் நியூயார்க்கில் நடுவர் குழு அவருக்குச் சாதகமாக, இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து வருடம் கழித்து.

நம் நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடகர்களுக்கு ராயல்டி உரிமை வந்தது, 'இதை நிகழ்த்தியவர் நான்' என்று அடையாளம் கோரும் உரிமையும் வந்தது. நல்ல திருத்தம். ஆனால் யார் நிகழ்த்துகலைஞர் என்று சொல்லும் இடத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, அவர் பெயர் டைட்டில் உட்பட எங்கேயும் குறிப்பிடப்படாமலும் இருந்தால், அவர் நிகழ்த்துகலைஞராகக் கருதப்படமாட்டார். அவர் பங்களிப்பைச் சிதைக்கக் கூடாது என்ற ஒரு உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். அடையாளம் கோரும் உரிமை கிடையாது.

திரும்பப் படித்துப் பாருங்கள். பெயர் போடவில்லை என்பதே, பெயர் கேட்க முடியாமல் போவதற்குக் காரணமாகலாம். கோரஸ் பாடுவது 'தற்செயலான பங்கு' ஆகாது என்று வாதாட இடம் இருக்கிறது, நான் வழக்கறிஞனாக அப்படித்தான் வாதாடுவேன். ஆனால் ஒரு கால்ஷீட் கூலிக்கு நின்றவர் எந்த நீதிமன்றத்துக்குப் போய் அதை வாதாடுவார்?

#12 மூன்றாம்_மைக்

சட்டப்புத்தகம் தம்பி, இதை இன்றுதான் முதல் முறையாகக் கேள்விப்படுகிறேன். எங்கள் காலத்துக்கு எதுவும் ஆகாது என்று தெரியும். இப்போது பாடுகிற பிள்ளைகள் சிலர் எனக்குப் பழக்கம், அவர்களுக்கு அனுப்பி வைக்கிறேன். இப்போது தனித்தனியாக வீட்டில் இருந்தே பதிவு செய்து அனுப்புகிறார்கள். கூட நின்று பாடியவர் யார் என்பதுகூடப் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

#13 அடையாறு_ஆலமரம்

வழக்கு என்றதும் கிளேர் டோரி என்ற செஷன் பாடகி நினைவுக்கு வருகிறார். 1973 ஜனவரி, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிங்க் ஃபிளாய்டு ராக் குழுவின் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை' பாட்டு. வார்த்தையே இல்லாமல் வெறும் குரலால் அழுது தீர்த்தார், கூலி 30 பவுண்டு. மெட்டை அந்த நேரத்தில் உருவாக்கியதே அவர் தொண்டைதான். 2004-இல் வழக்குப் போட்டு, அடுத்த வருடம் சமரசமாகி, இப்போது இசையமைத்தவர்கள் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது. பெயர் போட்டதால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை, அந்தப் பாட்டு அப்படியேதான் இருக்கிறது.

#14 கணக்கர்

நேற்று இரவு 1968 எல்விஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியைத் தேடிப் பார்த்தேன். பிளாசம்ஸ் மூவரும் அதில் இருக்கிறார்கள். அதற்கு முன்பே 'ஷின்டிக்' நிகழ்ச்சியில் 1964 முதல் வாராவாரம் தேசியத் தொலைக்காட்சியில் தோன்றியிருக்கிறார்கள். மூன்று கறுப்பினப் பெண்களை வாராவாரம் காட்டுவதா என்று தயங்கியவர்களிடம், தயாரிப்பாளர் ஜாக் குட் விடாப்பிடியாக நின்று வாங்கிக் கொடுத்த இடம் அது. அதாவது லட்சக்கணக்கான பேர் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள், குரலைக் கேட்டிருக்கிறார்கள். பெயர் மட்டும் தெரியாது.

இன்னொன்றும் தோன்றியது. டார்லீன் ரைட்டுக்கு 'லவ்' என்று பெயர் வைத்ததே ஸ்பெக்டர்தான், டோரதி லவ் என்ற காஸ்பல் (தேவாலயப் பாட்டு) பாடகியை மனதில் வைத்து. பெயரைப் பறித்தவர் கொடுத்த பெயர். அதையே எடுத்துப் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்து, 'என் பெயர் லவ்' என்கிறார். கோபத்தில் தூக்கி எறிந்திருக்கலாம். எறியவில்லை, அதில் முப்பது நாற்பது வருடம் பாடித் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

முதல் பாட்டைப் பற்றி நான் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

#15 வானொலிப்பித்தன்

புத்தகம் 1998-இல் முடிந்துவிடுவதால், அதற்குப் பிறகும் தொடர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1986-இல் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியில் அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடினார், அப்புறம் அது டிசம்பர் வழக்கமாகவே ஆகி 2014 வரை தொடர்ந்தது. 2011-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம். 2013-இல் பின்னணிப் பாடகிகள் பற்றி வந்த ஆவணப்படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தபோது, மேடை ஏறிய டார்லீன் நன்றி சொல்லிவிட்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு தேவாலயப் பாட்டை எடுத்தார். எழுபத்திரண்டு வயது. மண்டபமே எழுந்து நின்றது. புத்தகத்தை மூடியதும் அதைத் தேடிப் பாருங்கள், அதுவும் ஒரு அத்தியாயம்தான்.

#16 தேன்மொழி_தூத்துக்குடி

பார்த்துவிட்டேன் அண்ணா. அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். மொழி புரியவில்லை, 'சாமி பாட்டா?' என்று மட்டும் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

மூன்றாம் மைக் அம்மா, உங்கள் குரல் இருக்கும் அந்தப் பாட்டு எது என்று கேட்கலாமா? சொல்ல விருப்பம் இல்லையென்றால் வேண்டாம்.

#17 மூன்றாம்_மைக்

பொதுவில் வேண்டாம் கண்ணு. உறையில் இருக்கும் பெயருக்கு உரியவரும் நல்ல பாடகிதான், அவர் கேட்டு நடந்தது இல்லை. கிரிஸ்டல்ஸ் பெண்கள் மாதிரி அவருக்கும் தெரியாமலே நடந்திருக்கும். உனக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.

இந்த இழையைப் படித்த பிறகு பரணில் இருந்த என் பழைய நோட்டுகளை எடுத்தேன். ஸ்டூடியோவில் வரிகளை எழுதிக்கொள்ள வைத்திருந்த நோட்டுகள், மொத்தம் ஏழு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, ஸ்டூடியோ, வரிகள், எந்த இடத்தில் மூச்சு எடுக்க வேண்டும் என்று கோடு, 'இங்கே நீ பாடாதே' என்று குறிப்பு, எல்லாம் இருக்கிறது. கூட நின்று பாடியவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. நானே எழுதவில்லை.

காலையில் என்னோடு பாடிய ஒருவருக்குப் போன் செய்தேன். எட்டு வருடம் கழித்துப் பேசுகிறோம். முதல் நோட்டின் முதல் பக்கத்தைப் படித்துக் காட்டியதும், நாலு வரி வருவதற்குள் அவரே மெட்டைப் பாடிவிட்டார். அன்று நாங்கள் ஆறு பேர் என்கிறார், எனக்கு ஐந்து பேர்தான் ஞாபகம். அந்த ஆறாவது ஆள் யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். ஐந்து பேரைப் பென்சிலால் எழுதிவிட்டேன், கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.